கோச்சி விசர், அனொராக், பேய்க்காய்: யாருக்கு எந்தப் பெயர்?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரயில் எஞ்சின்களின் எண்களைக் கொப்பியில் குறித்து வைப்பது அவருடைய பொழுதுபோக்கு. கந்தோரில் தமிழர்கள் 'கோச்சி விசர்', அதாவது ரயில் பைத்தியம், என்கிறார்களாம், சிங்கள நண்பர்கள் 'கோச்சி பிஸ்ஸா' என்கிறார்களாம். அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த பெரியப்பா மகன், கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'நீ சரியான அனொராக்' என்று சிரித்தாராம். இது பகிடியா, திட்டா? நெர்ட், கீக் என்பவற்றுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இப்படிப்பட்ட ஆளுக்குத் தமிழில் தனிச்சொல் உண்டா? இவைதான் கேள்விகள்.

தம்பி, பகிடிதான். ஆனால் கொஞ்சம் முள்ளு வைத்த பகிடி.

அனொராக் என்பது முதலில் ஓர் உடுப்பு. தலையை மூடும் தொப்பியோடு சேர்த்துத் தைத்த, காற்றையும் மழையையும் உள்ளே விடாத மேற்சட்டை. கிறீன்லாந்து மக்களின் மொழியில் பிறந்து, டேனிஷ் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அது மனிதர்களுக்குப் பெயரானதற்கு உங்களைப் போன்றவர்களும் ஒரு காரணம். 1942இல் லண்டன் வாட்டர்லூவில் ரயில்வே கம்பனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்த இயன் அலன் என்ற இளைஞர், எஞ்சின்களைப் பற்றி வந்துகொண்டே இருந்த கடிதங்களுக்குப் பதில் எழுதி அலுத்துப்போய், எஞ்சின் எண்கள் எல்லாவற்றையும் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டார். அதற்குப் பிறகு பிரித்தானியச் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் பிளாட்பாரத்து நுனியில் புத்தகமும் பென்சிலுமாக நிற்கத் தொடங்கினார்கள். கண்ட எண்ணுக்குக் கீழே கோடு போட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அந்தச் சிறுவர்களில் சிலர் நாற்பது வயதிலும் அங்கேயே நின்றார்கள். அந்த நாட்டு மழையில் மணிக்கணக்காக நிற்பவன் வேறு எதைப் போடுவான்? 1980களில் சட்டையின் பெயர் ஆளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

இன்னொரு கதையும் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். 1964இல் இங்கிலாந்துக் கரைக்கு வெளியே ஒரு கப்பலை நிறுத்தி, அனுமதிப்பத்திரம் எதுவும் இல்லாமல் பாட்டு ஒலிபரப்பத் தொடங்கியது ரேடியோ கரோலைன். அதன் தீவிர நேயர்கள் படகு பிடித்து, கடற்காற்றில் விறைத்து, கப்பலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 1970களில் அங்கே அறிவிப்பாளராக இருந்த அண்டி ஆச்சர்தான் மேற்சட்டை போட்ட அந்தக் கூட்டத்தை 'அனொராக்குகள்' என்று முதலில் அழைத்தார் என்று சொல்வார்கள்.

வானொலி என்றதும் கொழும்பைச் சொல்லாமல் போக முடியாது. 1925 டிசம்பரில் ஒலிபரப்புத் தொடங்கிய ஊர் இது. சிற்றலை வானொலி கேட்பதையே தவமாகச் செய்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள். தூரத்து நிலையம் ஒன்று பிடிபட்டால் பாட்டைக் கேட்டுவிட்டுப் படுக்கப் போவதில்லை. நேரம், அலைவரிசை, ஒலி எப்படி இருந்தது என்பதற்கு ஐந்து இலக்கங்கள், நிகழ்ச்சியில் என்ன சொன்னார்கள் என்பதற்கு இரண்டு வரி. இவ்வளவையும் எழுதி அந்த நிலையத்துக்குத் தபாலில் அனுப்புவார்கள். 'ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று ஒரு வண்ண அட்டை திரும்பி வரும். அந்த அட்டைகளைச் சப்பாத்துப் பெட்டியில் நாடுவாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். வீட்டில் அதற்குக் கிடைத்த மரியாதை என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. 'இரவிரவாக உந்தக் கொர்ர்ர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்' என்பதுதான்.

மற்றச் சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். நெர்ட் என்ற சொல் அச்சில் முதலில் தலைகாட்டியது 1950இல், ஒரு சிறுவர் பாட்டுப் புத்தகத்தில், கற்பனை மிருகம் ஒன்றின் பெயராக. அடுத்த வருடமே அமெரிக்காவின் டிட்ரோய்ட்டில் இளைஞர்கள் 'சப்பென்ற ஆள்' என்ற பொருளில் அதைச் சொல்கிறார்கள் என்று ஒரு வாரப் பத்திரிகை எழுதியது. பிறகு அது படிப்பில் சூரன், ஆட்களோடு பழகத் தெரியாதவன் என்று நிலைத்தது. கீக்கின் பழைய வாழ்க்கை இன்னும் அசிங்கம். அமெரிக்கத் திருவிழாக் கூடாரங்களில் உயிர்க்கோழியின் தலையைக் கடித்துக் காட்டிக் காசு வாங்குகிறவனுக்கு அந்தப் பெயர். கணினி வந்து அவனை மேலே தூக்கிவிட்டது. இன்றைக்குக் கொள்ளுப்பிட்டியில் மென்பொருள் எழுதும் பிள்ளைகள் அந்தச் சொல்லை அச்சடித்த டீ சேர்ட்டைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள். ஜப்பானிய ஒடாக்கு வேடிக்கையானது. நேர்ப்பொருள் 'உங்கள் வீடு', மரியாதையாக 'தாங்கள்' என்று சொல்வதற்குப் பயன்படுவது. சித்திரக்கதை ரசிகர்கள் ஒருவரை ஒருவர் இப்படி விறைப்பாக அழைத்துக்கொள்வதைக் கண்டு, அகியோ நகமோரி என்ற எழுத்தாளர் 1983இல் அதையே அவர்களுக்குக் கேலிப்பெயராக வைத்தார். பத்தாம் வகுப்புப் பொடியன் பக்கத்து மேசைக்காரனைப் பார்த்துத் 'தாங்கள் அந்த இதழைப் படித்துவிட்டீர்களா?' என்று கேட்டால் எப்படி இருக்கும்!

ரயில்காரர்களுக்கு மட்டும் நாட்டுக்கு நாடு தனிப் பெயர் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் கன்சல். அமெரிக்காவில் ரயிலைக் கண்டால் வாயில் நுரை தள்ளுகிறவன் என்ற பொருளில் ஃபோமர். ஜப்பானில் படம் எடுக்கிறவர் வேறு, ஏறிப் பயணம் செய்கிறவர் வேறு என்று இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். பறவைக்காரர்களில், அபூர்வப் பறவை ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறவனை இங்கிலாந்தில் ட்விச்சர் என்பார்கள்.

எது எதிலிருந்து வேறு என்றால், என் கணக்கு இப்படி. நெர்ட் என்பது மூளையைப் பற்றிய சொல். கீக் என்பது ஆர்வத்தைப் பற்றிய சொல். அனொராக் என்பது பார்க்கிறவனின் அலட்சியத்தைப் பற்றிய சொல். உங்கள் அண்ணருக்கு நீங்கள் கெட்டிக்காரரா இல்லையா என்பது பொருட்டில்லை. 'இதை அறிந்து என்ன பிரயோசனம்?' என்பதைத்தான் ஒரு சட்டையின் பெயரால் கேட்டிருக்கிறார்.

இதைக் கொழும்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். 1997 ஓகஸ்டில் கெத்தாராமவில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை ஆறு விக்கெட்டுக்கு 952 ஓட்டம் எடுத்தது, ஜயசூரிய 340, மகாநாம 225, இருவரும் சேர்ந்து 576 என்று ஒருவர் தேநீர்க் கடையில் சொல்லட்டும். '2006இல் எஸ்.எஸ்.சி.யில் சங்காவும் மஹேலவும் 624 எடுத்து அதையும் தாண்டினார்கள், மஹேல 374' என்று அடுத்த மேசைக்காரர் தொடங்குவார். கடைக்காரரும் சேர்ந்துகொள்வார். ஒருவரும் ஒருவரையும் விசர் என்று சொல்லமாட்டார்கள். அதே கடையில் நீங்கள் எம்2 எஞ்சின்களைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்தவை, பலவற்றுக்குக் கனேடிய மாகாணங்களின் பெயர், 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் சுனாமி அடித்த ரயிலை இழுத்துப்போனது 591ஆம் எண் 'மானிட்டோபா', அதைத் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள் என்று. மானிட்டோபா வரைக்கும் போகவிடமாட்டார்கள். எண்ணுக்கு எண் சரி, வருடத்துக்கு வருடம் சரி. உங்கள் சரக்குக்குச் சந்தை இல்லை, வேறு குறையில்லை.

சரி, தமிழுக்கு வருவோம்.

இந்த ஆளுக்கென்று ஒரே சொல் நம்மிடம் இல்லை. நாம் செய்வது வேறு. பொருளின் பெயரைச் சொல்லி அதன் பின்னால் பைத்தியத்தைக் கட்டிவிடுகிறோம். கோச்சி விசர், முத்திரை விசர், புத்தகப் பைத்தியம், பாட்டுப் பைத்தியம். திருநெல்வேலிப் பக்கம் போனால் கோட்டி என்பார்கள். (மேற்சட்டையை வைத்துப் பெயர் கொடுத்த வெள்ளைக்காரனுக்கு இது தெரிந்திருந்தால் கோட்டுக்கும் கோட்டிக்கும் உறவு சொல்லியிருப்பான்.) சிங்களத்திலும் இதே கட்டுத்தான். பிஸ்ஸு என்பது பைத்தியம், பிஸ்ஸா என்பது பைத்தியக்காரன். அதனால்தான் உங்கள் கந்தோரில் இரண்டு மொழியும் ஒரே பெயரில் வந்து நிற்கின்றன.

விசர் கொஞ்சம் கடுமையான சொல்தான். கடித்தால் ஊசி போட வேண்டிய நாயையும் விசர்நாய் என்கிறோம். ஆனால் 'கோச்சி' என்று முன்னால் ஒன்று வந்தவுடன் அதன் பல் விழுந்துவிடுகிறது. வெறும் 'விசரன்' என்றால் சண்டை வரும், 'கோச்சி விசரன்' என்றால் சிரிப்பு வரும். நீங்கள் எதை விரும்புகிறீர்கள் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அனொராக்கில் அது இல்லை. அது ரயில்காரனுக்கும் வானொலிக்காரனுக்கும் ஒரே சட்டையை மாட்டிவிடுகிறது.

இந்த மென்மைக்குப் பின்னால் பழைய பழக்கம் ஒன்று இருக்கலாம் என்று நினைக்கிறேன். கலியாண வீட்டில் வழக்குப் பேச வந்த கிழவரைச் சுந்தரர் 'பித்தனோ நீ' என்று ஏசினார். வந்தவர் யார் என்று தெரிந்த பிறகு, அந்த ஏச்சையே முதற்சொல்லாக வைத்துப் பதிகம் பாடச் சொல்லிக் கேட்டாராம் சிவன். 'பித்தா' என்ற சொல்லை இன்றைக்கும் கொழும்புக் கோயில்களில் கைகூப்பிக்கொண்டு பாடுகிறோம். பைத்தியம் என்பதைத் திட்டாகவும் துதியாகவும் ஒரே வாயால் சொல்லிப் பழகிய சனம் நாங்கள்.

பைத்தியத்தை விட உங்களுக்குக் கிட்டத்தில் வரும் சொல் ஒன்று யாழ்ப்பாணத்து வழக்கில் இருக்கிறது: மினக்கெடுதல். 'உதில போய் மினக்கெடுகிறான்' என்று அம்மம்மா சொன்னால், உருப்படியான வேலையை விட்டுவிட்டு ஒன்றுக்கும் உதவாததில் நேரத்தைக் கரைக்கிறான் என்று பொருள். வினைக்கேடு, அதாவது வேலை கெடுவது, பேச்சில் அப்படித் தேய்ந்து வந்தது. ஆனால் அதே அம்மம்மா 'பிள்ளை மினக்கெட்டுச் செய்து தந்தது' என்றும் சொல்லுவா. அப்போது அது பாராட்டு, சிரமம் எடுத்துச் செய்தது என்று பொருள். வேலையைக் கெடுப்பதும் வேலையில் கரிசனையாக இருப்பதும் ஒரே சொல்லில்! எஞ்சின் எண் குறிக்கிறவனை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் எந்த மொழியிலும் பார்க்கவில்லை. குறை என்னவென்றால் அது வினையாகத்தான் நன்றாக ஓடுகிறது. ஆளுக்குப் பெயராக்கி 'மினக்கெடுவான்' என்றால் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

மெச்சுகிற சொற்களுக்குக் குறைவில்லை. கணக்கில் விண்ணன், வாகனம் திருத்துவதில் விண்ணன் என்பார்கள். 'அவன் பேய்க்காய்' என்றால் ஆள் மகா கெட்டிக்காரன், கொஞ்சம் கவனமாகவும் இரு என்று அர்த்தம். ஒரு நூலைக் கரைத்துக் குடித்தவர், பழம் தின்று கொட்டை போட்டவர் என்பவை எல்லா ஊருக்கும் பொது. கவனியுங்கள், இவையெல்லாம் ஊர் மதிக்கிற துறைக்குத்தான் கிடைக்கும். ரயில் எண்ணில் விண்ணன் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. புத்தகப்பூச்சி நடுவில் நிற்கிறது. படிக்கிற பிள்ளைக்குச் சொன்னால் பாதிப் பெருமை, பாதிப் பரிதாபம். சிங்களத்தில் பொத் குல்லா என்பதும் அதே பூச்சிதான்.

இன்னொரு வகைச் சொற்கள் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். அறுவை, அலட்டல். இவை உங்கள் ஆர்வத்தைப் பற்றியவை அல்ல, உங்கள் வாயைப் பற்றியவை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு பஸ் என்றால் உயிர். புறக்கோட்டையில் அவரோடு நின்றால், 138 வந்து நிற்கும்போது ஏறமாட்டார். எஞ்சின் உறுமலைக் கேட்டு, பின்பக்கம் போய்ப் பார்த்து, இது எந்த வருடத்து லேலண்ட், உடம்பை எங்கே கட்டினார்கள் என்று சொல்லத் தொடங்குவார். 1958இல் பஸ் சேவை அரசுடைமையானது, லண்டனில் ஓடித் தேய்ந்த இரட்டைத்தட்டு பஸ்கள் இங்கே வந்து இறங்கியது என்று கதை நீளும். பஸ் போய்விடும். அவரை யாரும் பஸ் பைத்தியம் என்று சொல்வதில்லை, 'அறுவை' என்றுதான் சொல்கிறார்கள். இத்தனைக்கும் கதை நல்ல கதை. மழைக்குள் நிறுத்தி வைத்துச் சொல்கிறார், அதுதான் பிரச்சினை. அனொராக் என்ற சொல்லிலும் இந்த அறுவை கொஞ்சம் கலந்திருக்கிறது. அண்ணருக்குக் கொப்பியில் எத்தனை பக்கம் காட்டினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்த மரியாதையான சொல் 'ஆர்வலர்'. பறவை ஆர்வலர், முத்திரை ஆர்வலர், ரயில் ஆர்வலர். அழைப்பிதழில் போடலாம். ஆனால் உயிர் இல்லாத சொல், ஒரு நாள் சும்மா எட்டிப் பார்த்தவரும் ஆர்வலர், நாற்பது வருடம் கிடந்து உருகியவரும் ஆர்வலர். 'வெறியன்' தமிழ்நாட்டில் ஓடும், இங்கே வேண்டாம். வெறி என்றால் எங்கள் ஊரில் சாராயம். 'ரயில் வெறியன்' என்று சொன்னால் குடித்துவிட்டு மூன்றாம் வகுப்பில் பாட்டுப் பாடுகிறவர்தான் ஞாபகத்துக்கு வருவார். கொழும்பில் புழங்குகிற 'அங்கொடை கேஸ்' என்பதையும் கைவிடச் சொல்வேன். அங்கொடையில் இருப்பது மனநல ஆஸ்பத்திரி, அங்கே போகிறவர்கள் நோயாளிகள். எஞ்சின் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அந்தப் பகிடியால் சிலர் மருந்துக்குப் போகவே வெட்கப்படுகிறார்கள்.

பிரயோசனம் என்ற கேள்விக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே வருகிற ஒரு பெரியவர் கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், சங்கத்து விழா மலர் மட்டும் வாங்குவார். நாவல் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். கையில் எடுத்தால் அட்டையைப் பார்ப்பதில்லை, நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவார். அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரை விரலால் தடவிப் பார்ப்பார். 'இவங்கள் ஐம்பதுகளில் செட்டியார் தெருவில இருந்தவங்கள்' என்பார் கடைக்காரரிடம். பிறகு உள்ளே இருக்கிற விளம்பரங்கள், எந்தக் கடை, எந்தத் தெரு, தொலைபேசி எண்ணுக்கு எத்தனை இலக்கம். கடைக்காரருக்கு அவர் 'மலர்ப் பைத்தியம்'. அவர் வந்தால் விலையை ஏற்றிவிடுவார், அது வேறு கதை.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. பிறகு போரும் இடப்பெயர்வும் வீட்டு அலுமாரிகளைக் காலியாக்கின. 2005இல் தன்னார்வலர்கள் சேர்ந்து 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் ஒவ்வொரு பக்கமாகப் படியெடுத்து ஏற்றினார்கள். இப்படி ஒரு வேலைக்கு மூலப்பிரதி எங்கிருந்து வரும்? எறியாமல் வைத்திருந்தவர்களிடம் இருந்துதான். 'உந்தக் குப்பையை எறியுங்கோவன்' என்று வீட்டில் ஏச்சு வாங்கியவர்களின் பெட்டிகளில் இருந்து.

பறவைப் பக்கத்தில் இதைவிடத் துல்லியமான கதை உண்டு. 1995இல் கித்துல்கல காட்டில் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார். தனக்குத் தெரிந்த எந்தக் குரலோடும் அது ஒத்துப்போகவில்லை. நூற்றுக்கணக்கான குரல்கள் காதில் பதிந்திருந்தால் அல்லவா ஒன்று பிசகுவது தெரியும்! 2001இல் சிங்கராஜ வனத்தில் பறவையையே கண்டார். 2004இல் அது உலகுக்குப் புதிய இனமாக முறைப்படி விவரிக்கப்பட்டது. இலங்கையில் நூறு வருடத்துக்கு மேலாக அப்படி ஒரு புதிய பறவை இனம் கண்டறியப்பட்டிருக்கவில்லை. இடையில் போன ஆறு வருடமும் ஒரு சத்தத்துக்குப் பின்னால் திரிந்ததை அம்மம்மாவிடம் சொன்னால் என்ன சொல்லியிருப்பா என்று உங்களுக்குத் தெரியும்.

இதனால் ஒவ்வொரு கொப்பியும் ஒருநாள் பொக்கிஷம் ஆகும் என்று நான் சொல்லவரவில்லை. பெரும்பாலானவை ஆகாது. அவற்றை எழுதினவருக்குச் சந்தோஷம் கிடைத்தது, அது போதும்.

தனிச்சொல் ஒன்று உருவாக்கித் தரச் சொன்னால் மாட்டேன். கந்தோர் நண்பர்கள் தந்த 'கோச்சி விசர்' நன்றாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியில் ஒரேயொரு திருத்தம். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் எஞ்சின் எண் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் திகதி, நேரம், எந்த நிலையம், எந்தச் சேவையை இழுத்து வந்தது என்பதையும் எழுதுங்கள். பென்சிலாலேயே எழுதுங்கள், மை ஈரத்தில் ஊறிவிடும். வெள்ளவத்தை நிலையம் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, உப்புக்காற்றில் தாள் சீக்கிரம் ஊதிப்போகும், ஆகவே பழைய கொப்பிகளை அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.